ஹாக்கி மட்டையைக் கீழே வைத்த டெல்டாக்காரர் கோல்ஃபுக்குப் போவது எப்படி

முப்பது வயதைத் தாண்டினால் ஹாக்கியில் ஓட்டம் குறையும், முட்டி வலிக்கத் தொடங்கும், கையும் கண்ணும் மட்டும் பழையபடியே இருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு கோல்ஃபில் ஏதாவது செய்ய முடியுமா என்று தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் விளையாடிய தம்பிகள் கேட்பதுண்டு. முடியும். ஆனால் பந்தை அடிக்கக் கற்பது இதில் சுலபமான வேலை, அதற்கு அப்புறம் சாப்பாட்டுக்கு வழி என்ன என்பதை முதல் நாளே யோசித்துவிடுங்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆள் பில் எசினிக்கி. 1924-இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர், ஐஸ் ஹாக்கிக்காரர். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் 1947, 1948, 1949 என்று தொடர்ந்து மூன்று முறை ஸ்டான்லி கோப்பை ஜெயித்தவர். எதிராளியை இடித்துத் தள்ளுவதில் பேர் போனவர், இரண்டு சீசன்களில் லீக்கிலேயே அதிக பெனால்டி நிமிடங்கள், அதாவது தப்பாட்டத்துக்காக வெளியே உட்கார வைத்த நேரம், இவர் கணக்கில்தான். 1951 ஜனவரியில் எதிரணி வீரர் டெட் லிண்ட்சேயோடு போட்ட சண்டையில் இரண்டு பேருக்கும் அபராதம், மூன்று ஆட்டம் தடை. இப்படிப்பட்ட மனிதர் அப்புறம் கோல்ஃப் புரோ, அதாவது தொழில்முறைக்காரர், ஆகி, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் பல போட்டிகளை ஜெயித்தார். பெரிய டூரில் நட்சத்திரமாகவில்லை. மாசசூசெட்ஸில் கிளப் புரோவாக, அதாவது ஒரு கிளப்பில் சொல்லிக்கொடுக்கும் ஆளாக, வேலை பார்த்தார், அதுதான் அவருக்குத் தொழில். நாம் காப்பியடிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

டான் குவின், ஜோ பவெல்ஸ்கி பெயர்களைச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கவனம். குவின் ஐந்து முறை, பவெல்ஸ்கி 2025-இல், அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கரையில் நடக்கும் பிரபலங்கள் கோல்ஃப் போட்டியை ஜெயித்தவர்கள். இருவரும் என்எச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் பல வருடம் சம்பாதித்த பிறகு அங்கே வந்தவர்கள். நம் கதை வேறு.

சரி, கைக்கு வருவோம். நம்ம ஹாக்கியில் இடது கை மேலே, வலது கை கீழே. வலது கை கோல்ஃபரின் பிடியும் இதே வரிசைதான். இடக்கை மட்டைக்கு ஹாக்கி விதியில் இடமே இல்லை என்பதால், பிறவியிலேயே இடக்கைக்காரராக இருந்தாலும் நீங்கள் இத்தனை வருடம் இந்தப் பக்கம்தான் அடித்திருப்பீர்கள். அப்படியே தொடருங்கள், பழைய செட்டும் வலது கைக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். ஐஸ் ஹாக்கியில் இரண்டு பக்கமும் உண்டு, அதனால் கனடாவில் இடது பக்கம் நின்று ஆடும் கோல்ஃபர்கள் நிறைய. 2003-இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை ஜெயித்த மைக் வியர் அப்படித்தான், மற்ற வேலைக்கெல்லாம் வலது கை. பதிமூன்று வயதில், பக்கம் மாறட்டுமா என்று கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸுக்கே கடிதம் போட்டுக் கேட்டார். இயல்பாக வருவதை மாற்றாதே என்று பதில் வந்தது.

இனி மறக்க வேண்டியவை. ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் வரை, கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கனமான பந்தைத் தள்ளிப் பழகிய கை, இந்தச் சின்னப் பந்தைக் கண்டதும் தேவையில்லாமல் இறுகும். பிடியைத் தளர்த்துங்கள். இரண்டாவது, குனிவு. முதுகை வளைத்து, முட்டியை மடக்கி நிற்பது ஹாக்கி. கோல்ஃபில் இடுப்பிலிருந்து மட்டும் சாய வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மூன்றாவதுதான் பெரிய தொல்லை: ஓடும் பந்தை ஓடிக்கொண்டே அடித்துப் பழகியவனுக்கு, நிற்கும் பந்தை நின்றுகொண்டு அடிக்கும்போது அவசரம் வந்துவிடும். மேலே தூக்கிய ஸ்டிக் தூக்கி முடிவதற்குள் கீழே வந்துவிடும். ஸ்டிக்கைத் தூக்கும்போது மெதுவாக, முழுதாகத் தோளைத் திருப்பிவிட்டு, அப்புறம் இறக்குங்கள்.

ஐஸ் ஹாக்கிக்காரருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஸ்லாப் ஷாட் என்ற ஓங்கி அடிக்கும் அடியில் மட்டை வட்டுக்குச் சற்று முன்னால் ஐஸில் பட்டு வளைந்து, அந்த வளைவு நிமிரும் விசையில் வட்டு பறக்கும். அதையே அயர்ன் என்ற இரும்புத் தலை கோல்ஃப் ஸ்டிக்கால் புல்லில் செய்தால் மண் பெயர்ந்து வரும், பந்து பத்தடி போகும். கோல்ஃபில் முதலில் பந்து, அப்புறம்தான் தரை. ஈர மணலில் குறுக்கே ஒரு கோடு கிழியுங்கள், பந்து வேண்டாம், கோட்டின் மேல் வீசுங்கள். ஸ்டிக் பதிந்த தடம் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் போனால் சரி, கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் தப்பு. யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டியதில்லை, தடமே சொல்லிவிடும்.

மணல் என்றதும் நமக்குக் கொள்ளிடம். சம்பா அறுவடை முடிந்த வயல் காலியாகத்தானே கிடக்கிறது என்று அங்கே போகாதீர்கள். தாளடியில் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள், கால் வைத்தால் கம்போடு வருவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. வெறும் தரிசாகவே இருந்தாலும் மாசி, பங்குனியில் களிமண் வெடித்துக் கிடக்கும், பந்து வெடிப்புக்குள் போய்விடும், கெட்டித் தரையில் ஸ்டிக் மோதினால் மணிக்கட்டு போய்விடும். ஆற்று மணல்தான் நல்லது. பங்கரில், அதாவது மணல்பள்ளத்தில், விழுந்த பந்தை எடுக்கும் கலையை ஊரிலேயே ஓசியில் பழகலாம்: மணலுக்கென்றே உள்ள சாண்ட் வெட்ஜ் ஸ்டிக்கின் முகத்தை வானம் பார்க்க விரித்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்தால், கிளம்பும் மணலே பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஹாக்கியில் ஸ்கூப் செய்கிற மாதிரி மணிக்கட்டால் தூக்கப் பார்க்காதீர்கள். கரை ஓரத்து ஈர மணலில் முகத்தை அவ்வளவு விரிக்க வேண்டாம், ஸ்டிக் குதித்துப் பந்தின் தலையில் பட்டுவிடும். காய்ந்த மணலிலும் ஈர மணலிலும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், அந்தப் பக்கம் வேண்டாம். முக்கொம்பில் உபரி நீர் திறக்கும் காலத்தில் ஆற்றில் இறங்கவே வேண்டாம். மணலை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம், கோல்ஃபுக்குத்தான் என்று சொன்னால் எந்தப் போலீஸ்காரர் நம்புவார்?

வீட்டில் அடிக்க வலை போதும். நாகப்பட்டினத்தில் கழித்துப்போட்ட மீன்வலை கிடைக்கும், பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், கண் அதைவிடச் சின்னதாகப் பார்த்து வாங்கி, இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் பந்து முகத்துக்கே திரும்பி வரும்.

14 ஸ்டிக் வரை பையில் வைக்கலாம் என்பது விதி, ஆனால் முதல் வருடத்துக்கு பழைய செவன் அயர்ன், ஒரு சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்ட ஒரு பட்டர், அவ்வளவுதான். தூரம் அடிக்கும் நீள ஸ்டிக்கான டிரைவர் வாங்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள்.

மைதானத்துக்கு வெளியூர்தான் போக வேண்டும். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வழியாகப் போகும் செம்மொழி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் கோயம்புத்தூர், அங்கே செட்டிப்பாளையத்தில் 18 குழி மைதானம் இருக்கிறது. உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்னை, நந்தனத்தில் ஆடலாம். கட்டணமும் விருந்தினர் விதியும் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஒரு விஷயம் பலருக்குக் குழப்பம்: ஹாக்கியில் காசு வாங்கி ஆடியிருந்தாலும் கோல்ஃபில் நீங்கள் அமெச்சூர்தான், அதாவது காசுக்கு ஆடாதவர்தான். அந்தத் தகுதியை அவசரப்பட்டு விடாதீர்கள். அமெச்சூராகவே போட்டிகள் ஆடி, பாருக்கு, அதாவது மைதானத்துக்கு வகுத்த அடி எண்ணிக்கைக்கு, பக்கத்தில் ஸ்கோர் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிஜிடிஐ என்ற இந்தியத் தொழில்முறை கோல்ஃப் டூர் நடத்தும் தகுதிச் சுற்றை யோசிக்கலாம். பெங்களூரில் கேடியாக, அதாவது கோல்ஃபரின் பையைத் தூக்கும் ஆளாக, இருந்த முனியப்பா 2009-இல் இந்தியன் ஓபனை ஜெயித்தார், 1991-இல் அதே கோப்பையை வென்ற அலி ஷேரும் கேடியாக இருந்தவர்தான், ஆகவே பணக்கார வீட்டில் பிறந்தால்தான் முடியும் என்பதில்லை. ஆனால் அவர்கள் சின்ன வயதிலிருந்தே மைதானத்தில் கிடந்தவர்கள், நீங்கள் முப்பதில் தொடங்குகிறீர்கள். கட், அதாவது போட்டியின் நடுவில் ஆட்களைக் கழிக்கும் கோடு, தாண்டாத வாரம் பரிசுப் பணம் கிடையாது, ரயிலும் லாட்ஜும் கைக்காசு.

அதனால் பயிற்சியாளர் பக்கம் பாருங்கள். இந்திய கோல்ஃப் யூனியனின் நேஷனல் கோல்ஃப் அகாடமி கற்பிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறது. ஹாக்கிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் அங்கே செல்லும். விளையாட்டு ஒதுக்கீட்டில் பொன்மலை ரயில்வே பணிமனையிலோ வேறு எங்கோ வேலை இருந்தால், சான்றிதழ் கைக்கு வந்து ஒரு கிளப்பில் இடம் உறுதியாகும்வரை ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள், வீட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

முதல் தடவை மைதானத்துக்குப் போகும்போது காலர் வைத்த டி-ஷர்ட் போட்டுக்கொள்ளுங்கள், ரவுண்ட் நெக்கில் பெரும்பாலான கிளப்களில் உள்ளே விட மாட்டார்கள். காலுக்கு உங்கள் பழைய டர்ஃப் ஷூவே போதும்.