முகத்திலேயே வில்லனைக் காட்டாதீர்கள்

சமீபத்தில் ஓர் ஒத்திகை பார்த்தேன். ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தின் வில்லன் இயாகோவாக நடித்த இளைஞர் மேடையேறியதும் ஒற்றைப் புருவத்தை உயர்த்தி, உதட்டோரம் சிரித்தார். முதல்முறை அந்த வேடம் போட்டபோது நானும் அதையேதான் செய்தேன். வசனம் மறப்பது, முதுகு காட்டி நிற்பது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். இது அப்படிச் சரியாகாது.

வஞ்சகனை வஞ்சகனாகவே காட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. தளபதி ஒத்தெல்லோ, அவன் மனைவி டெஸ்டிமோனா, அவனுடைய துணைத் தளபதி காஸியோ மூவருமே இயாகோவை நேர்மையானவன் என்று நம்புகிறார்கள். இயாகோவின் மனைவி எமிலியாவே, எதற்கென்று தெரியாமல் டெஸ்டிமோனாவின் கைக்குட்டையை எடுத்து அவனிடம் கொடுக்கிறாள். முகத்திலேயே சூது தெரிந்தால் இத்தனை பேரும் முட்டாள்களாகிவிடுவார்கள். என் நாடகத்தில் அதுதான் நடந்தது. மூன்றாம் அங்கத்தில், ஒத்தெல்லோ மனதில் சந்தேகம் நுழையும் இடத்தில், அரங்கம் சிரித்தது. பாவம், ஒத்தெல்லோவாக நடித்தவர் மாதக்கணக்கில் உழைத்தது வீணானது.

அந்தக் காட்சியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். காஸியோ நேர்மையானவன்தானே என்று ஒத்தெல்லோ கேட்கிறான். "நேர்மையானவனா, பிரபு?" என்று அதே சொல்லைத் திருப்பித் தருகிறான் இயாகோ. நண்பனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாதவன் தயங்குவது போல அதைச் சொல்ல வேண்டும். தலை குனிந்திருக்கட்டும், குரல் இறங்கட்டும். உள்ளே இருப்பதைச் சொல்லத்தான், அவன் மேடையில் தனியாகப் பேசும் தனிமொழிகள் இருக்கின்றன. பார்வையாளருக்கு அது போதும்.

வரியையும் வருகையையும் பிரிப்பது

'மெக்பெத்' முதல் அங்கத்தில், தன்னை ஏமாற்றிய பிரபுவை நினைத்து, முகத்தைப் பார்த்து மனதை அறியும் கலை இல்லை என்கிறார் டங்கன் மன்னர். அடுத்த நொடி, பின்னால் அவரைக் கொல்லப்போகும் மெக்பெத் உள்ளே வருகிறான், மன்னரும் அவனை மனமார வரவேற்கிறார். நடுவில் இசையோ இடைவெளியோ வைத்தால் அந்த இடமே செத்துப்போகும்.

தார்த்யூஃபை முன்னாலேயே காட்டுவது

வேண்டாம். பக்திமான் வேஷம் போடும் அந்த ஏமாற்றுக்காரனை, பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் 'தார்த்யூஃப்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில்தான் மேடையேற்றுகிறார்.

எல்லா வேஷத்தையும் சூதாக நடிப்பது

"நான் நானல்ல" என்று இயாகோ ரொடெரிகோவிடம் சொல்கிறான். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஆண் உடையிலிருக்கும் வயோலாவும் ஒலிவியாவிடம் அதையே சொல்கிறாள். அவள் யாரையும் கெடுக்க வந்தவள் அல்ல. தன்னை ஆணென்று நம்பிக் காதலிக்கும் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் தவிக்கிறாள். அப்புறம் அந்த வரியில் எதற்குக் கள்ளச் சிரிப்பு?