கட்டைவிரல காட்டறதுக்கு முன்னாடி

வேலூர்ல காந்தி ரோடு பக்கம் கடை வெச்சிருக்கறவங்களுக்கு இது தெரியும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்குன்னு மேற்கு வங்காளம், பங்களாதேஷ், ஜார்க்கண்ட், அஸ்ஸாம்ல இருந்து தெனமும் ஜனம் வந்து எறங்குது, அவங்க பாஷை நமக்கு வராது நம்ம பாஷை அவங்களுக்கு வராது, அதனால எல்லாரும் கையாலயே பேசிக்கறோம். கையில காட்டினா உலகத்துல யாருக்கும் புரியும்னு நெனைக்கறோம் பாருங்க, மொத தப்பே அதுதான்.

நான் மருந்துக்கடையில வேலை பாக்கறேன். சேர்ந்த புதுசுல கொல்கத்தா பக்கத்து பெரியவர் ஒருத்தர் சீட்ட நீட்டி இருக்கான்னு கண்ணாலயே கேட்டாரு, நான் போன்ல பேசிகினு இருந்தேன், சரி இருக்குன்னு கட்டைவிரல தூக்கி ரெண்டு ஆட்டு ஆட்டி காட்டினேன். மொகம் அப்படியே சுருங்கிடிச்சி, சீட்ட மடிச்சி பையில வெச்சிகினு படி எறங்கிட்டாரு. பக்கத்து லாட்ஜுல வேலை பாக்கற அண்ணன்தான் சொன்னாரு, அவங்க ஊர்ல கட்டைவிரல காட்டினா "உனக்கு ஒண்ணும் கெடையாது, போ"ன்னு அர்த்தமாம். இந்திலயும் டேங்கா திக்கானான்னு அதையேதான் சொல்றாங்க. ஓடிப்போய் அவர கூட்டிகினு வந்து மருந்த கையில குடுத்தப்பறம்தான் எனக்கு மனசு ஆறுச்சி. வாட்ஸப் பாக்கற பசங்க அத சூப்பர்னு எடுத்துப்பாங்க, ஆனா வயசானவங்க கிட்ட வேணாம். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துல பழைய ஆளுங்களுக்கு அது கெட்ட வார்த்தை மாதிரி. பேசாம மருந்து அட்டைய எடுத்து காட்டிடுங்க.

இதவிட எனக்கு பயம் மூணு விரல்தான். மூணு வேளைன்னு நாம காட்டறோம், அவங்க ஒரே வேளைக்கு மூணு மாத்திரைன்னு புரிஞ்சிகினா இன்னா ஆவறது? சாப்ட்டப்பறம் போடுங்கன்னு விரல குவிச்சி வாய் கிட்ட கொண்டு போறோமே, அதுவும் அப்படித்தான், இப்பவே முழுங்க சொல்றாங்கன்னு நெனைச்சிப்பாங்க. நான் இப்ப கவர் மேல காலைக்கு பாதி சூரியன், மதியத்துக்கு முழு சூரியன், ராத்திரிக்கு நிலான்னு வரைஞ்சி, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம் போட்டு குடுக்கறேன், சோத்துக்கு அப்பறம்னா ஒரு தட்டு. வரைஞ்சத அவங்கள திருப்பி காட்ட சொல்லி பாத்துட்டுதான் அனுப்பறேன், கூட்டம் நின்னாலும் பரவால்ல.

ஆம்பூர், ராணிப்பேட்டை லெதர் கம்பெனிங்கள்ல வெளிநாட்டுக்காரங்களோட பழகறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அதே குவிச்ச விரல இத்தாலிக்காரர் ஆட்டினா "இன்னாதான் சொல்ல வர்ற?"ன்னு அர்த்தம், அரபு நாட்டுக்காரர் காட்டினா "கொஞ்சம் பொறு". அவரு பசிக்குதுன்னு சொல்றாருன்னு சாப்பாடு வாங்க ஓடாதீங்க. வளையம் மாதிரி விரல சேத்து சூப்பர்னு காட்டறது பிரான்ஸ்ல பூஜ்யம், ஜப்பான்ல காசு, பிரேசில்ல ரொம்ப அசிங்கம். ரெண்டு விரல புறங்கை தெரிய காட்டறது இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுல திட்டறது, 1992ல அமெரிக்க ஜனாதிபதியா இருந்த அப்பா புஷ்ஷே ஆஸ்திரேலியாவுல தெரியாம அப்படி காட்டிட்டாரு.

ஒத்த விரல ஆட்டி யாரையும் கூப்படாதீங்க, பிலிப்பைன்ஸ்ல நாயத்தான் அப்படி கூப்புடுவாங்க. நாம உள்ளங்கை கீழ பாத்தா மாதிரி நாலு விரலயும் மடக்கி கூப்படறோமே, அது ஆசியாவுல நெறைய ஊருக்கு ஒத்து போவுது.

பீச்சாங்கை விஷயத்துல பங்களாதேஷ்காரங்களும் நம்மள மாதிரியேதான். அதனால வலது கையில பில்லு இருந்தா அத கீழ வெச்சிட்டு, அந்த கையாலயே சில்லறைய குடுங்க.