விளிம்பில் தவறிய தாவல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் வீட்டுக் கூடத்து டிவியில் மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்து, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய பார்கூர் (மாடிகளையும் சுவர்களையும் ஓடித் தாவிக் கடக்கும்) விளையாட்டு ஒன்றை ஆடியபோது, ஒரே மாடி விளிம்பிலிருந்து 18 முறை கீழே விழுந்தேன். ஸ்பேஸ் பொத்தான் ‘டக்’கென்று ஒலித்த பிறகும் திரையில் ஓட்டம் தொடர்ந்தது, தாவல் தொடங்கும்போது காலடியில் தரை இல்லை. முதலில் என் விரலைத்தான் நொந்துகொண்டேன் (நாற்பதைத் தாண்டியவனுக்கு அது எளிது). கேபிளைக் கழற்றிவிட்டு மடிக்கணினித் திரையிலேயே ஆடியபோது முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டதால், தாமதம் டிவியில்தான் என்பது தெளிவாயிற்று. படத்தை மெருகேற்றுவதற்காக டிவி பிரேம்களை, அதாவது அடுத்தடுத்து வரும் படங்களை, சற்று நிறுத்திவைத்தே காட்டுகிறது. 60 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 60 பிரேம்) ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி என்பதால், ஆறு பிரேம்கள் தேங்கினாலே 100 மில்லி விநாடி போய்விடும். டிவியின் பட அமைப்பில் இந்த மெருகேற்றலைக் குறைக்கும் ‘கேம் மோட்’ வசதியை இயக்கினேன். விளையாட்டுக்குள், பிரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வி-சிங்க்கையும் அணைத்தேன். அதனால் வேகமாகத் திரும்பும்போது படம் சற்றுக் கிழிந்து தெரிகிறது, பொறுத்துக்கொள்ளலாம். விளையாட்டில் ஒரே நேரத்தில் தெரியும் பார்வைக் கோணத்தை 70 பாகையிலிருந்து 95ஆக உயர்த்திய பின், ஆடும்போது வந்த தலைசுற்றலும் நின்றது. அம்மா சீரியல் பார்க்க உட்காரும் முன் ‘கேம் மோட்’ அணைக்கப்பட வேண்டும். இல்லையேல் படம் ஏன் வெளிறிவிட்டது என்று கேட்பார்.