பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் ஜெபம்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

"நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வரும் வசனத்தை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள் சிறு புன்னகையின்றி வாசிக்க முடியாது. 10 அடிக்கு 12 அடி அளவான ஒரே காம்பராவில், பாயும் பாத்திரமும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் ஒன்றாகக் கிடக்க, தடுப்புச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் இடத்தில், பூட்டுவதற்கு எந்த அறை இருக்கிறது? ஆனாலும் நம் தோட்டங்களில் ஜெப வாழ்க்கை உயிரற்றுப் போவதற்கு இந்த இடநெருக்கடி முதற்காரணமன்று. ஜெபிக்கும்போது யாருடைய செவிக்குப் பேசுகிறோம் என்பது நமக்கே தெரியாமல் மாறிப்போவதுதான் முதற்காரணம் என்பது என் அனுபவம்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். ஒருநாள் நான் ஜெபித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பராவில் வானொலிச் சத்தம் சட்டெனக் குறைந்தது. அவர்கள் கேட்கிறார்கள் என்பது புரிந்த அந்தக் கணத்திலேயே என் குரல் உயர்ந்தது, சொற்கள் அழகாயின, தண்ணீர்க் குழாயடியில் அன்று காலை நடந்த சண்டையைப் பற்றி, "பொறுமையற்றவர்களுக்கு நல்ல மனதைத் தாரும் ஆண்டவரே" என்று ஒரு வேண்டுதலும் சேர்ந்துகொண்டது. அந்த வாக்கியம் ஆண்டவருக்குச் சொன்னதன்று, சுவருக்கு அப்பால் இருந்த அக்காவுக்குச் சொன்னது. மறுநாள் அவர் என்னோடு பேசவில்லை. அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

ஜெபத்தின் வழியாக மனிதருக்குச் செய்தி அனுப்பும் இந்தத் தவறு லயத்தோடு நிற்பதில்லை. கணவன் கேட்க மனைவியும், சபையார் கேட்க போதகரும், பிள்ளை கேட்க தாயும் இப்படி ஜெபிக்கிறார்கள். "இந்தப் பிள்ளை ஒழுங்காகப் படிக்க வேண்டும் ஆண்டவரே" என்று உரக்கச் சொல்லப்படும்போது பிள்ளைக்குக் கேட்பது கண்டிப்பு மட்டுமே. சொல்ல வேண்டியதை அந்த மனிதரிடமே நேரில் சொல்லிவிட்டு, அதன்பின் ஜெபிக்க உட்கார்வது நல்லது. தனி ஜெபத்துக்கோ கதவைவிட, யாரும் கேளாத சில நிமிடங்களே தேவை. ஈசாக்கு சாயங்கால வேளையில் வெளியிலே போய்த் தியானித்தான். இயேசுவும் வனாந்தரத்துக்குத் தனித்துப்போய் ஜெபம்பண்ணினார். அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. விடியுமுன் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) நிற்கும் ஐந்து நிமிடமோ, வெறுங்கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு லயத்திலிருந்து மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையோ நமக்கு அறைவீடாகலாம். மலையேறும்போது மூச்சு வாங்குவதால் நீளமாகப் பேச வராது என்பதும் ஒரு வகையில் நன்மைதான்.

ஏனெனில் அடுத்த தவறு நீளத்தைப் பற்றியது. கைபேசியில் பிரசங்கம் கேட்டுவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் ஜெபிப்பதாகத் தீர்மானித்து, மூன்றாம் நாள் தூங்கிவிழுந்து, நான்காம் நாள் குற்றவுணர்வில் முழுவதையும் கைவிட்டவர்கள் ஏராளம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஓடும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் வழக்கம் நம் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறதென்றால், ஆண்டவரையும் தராசோடு நிற்கும் கணக்கப்பிள்ளையாகவே கற்பனை செய்துகொள்கிறோம். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று சொன்னவர் அதிக வசனிப்பால் ஜெபம் கேட்கப்படும் என்ற எண்ணத்தையே மறுத்தார். ஹப்புத்தளையிலுள்ள அடிசம் மாளிகை இன்று பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாக இருக்கிறது. ஜெபத்துக்காகவே நாளைப் பகுத்து வாழும் அச்சபையினருக்கு ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒழுங்குவிதியின் 20ஆம் அதிகாரம், ஜெபம் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்க வேண்டும் என்றே கூறுகிறது. துறவியருக்கே அளவு அதுவென்றால், தோட்டத்துப் பெண் தன் ஐந்து நிமிடத்துக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த ஐந்து நிமிடமும் தினமும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் அமைந்தால் மனம் தானாகவே அங்கு வந்து நிற்கப் பழகிக்கொள்ளும்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்ய 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் காலத்தில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து போதித்தார்கள். அவர்களிடமிருந்தும் பழைய வேத மொழிபெயர்ப்பிலிருந்தும் நமக்கு வந்த ஜெபத் தமிழ் கம்பீரமானது. அதை இழக்கச் சொல்லமாட்டேன். ஆனால் "கிருபையாய் இரங்கியருளும்" என்று தொடங்காவிட்டால் ஜெபமே ஆகாது என்று நம்பி, வீட்டில் பேசாத மொழியில் மட்டுமே ஆண்டவரிடம் பேசுகிறவர், தம் வீட்டுக் காரியங்களை அவரிடம் கொண்டுபோவதேயில்லை. கடைக் கடன், சீட்டுப் பணம், கொழும்பில் வேலைக்குப் போன மகனிடமிருந்து ஒரு வாரமாக வராத அழைப்பு ஆகியவற்றுக்கு அந்தத் தமிழில் சொற்கள் கிடைப்பதில்லை. மூச்சுக்கு மூச்சு "ஸ்தோத்திரம்" என்று இட்டு நிரப்புவதைவிட, சொல்ல ஒன்றுமில்லாதபோது பேசாமலிருப்பது நேர்மையானது.

இதற்கு மறுகோடியில், மனப்பாட ஜெபமெல்லாம் போலி என்று ஒதுக்குவதும் தவறே. திருச்சபையின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றான டிடாக்கே, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி கற்பிக்கிறது. விரைந்து ஒப்புவிப்பதில்தான் பழுது இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேண்டுதலில் நின்று பாருங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பது மாதச் சம்பளக்காரருக்கு எப்படிப் படுமோ தெரியாது; மழையால் வேலையின்றிப் பேர் விழாத நாளில் நாட்சம்பளத்தை நம்பியிருப்பவருக்கு அது அடிவயிற்றிலிருந்து வரும்.

முறையிடப் பயப்படுவது நம்மிடம் ஊறிப்போன இன்னொரு தவறு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அத்தகைய துக்க வீடுகளில், "எல்லாம் உமது சித்தம்" என்று அவசரமாகச் சொல்லி முடித்துவிடும் ஜெபம் பக்தியாகத் தோன்றினாலும், துக்கத்தில் இருப்பவரின் வாயை அது அடைத்துவிடுகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவரைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என இயேசு கேட்டதை நினைவில் கொண்டால், அழிவுக்குக் காரணம் கற்பிக்கும் ஜெபத்தைத் துணிந்து சொல்லமாட்டோம். கெத்செமனேயிலும், பாத்திரம் நீங்கட்டும் என்ற மன்றாட்டுக்குப் பிறகே "உம்முடைய சித்தத்தின்படியே" என்ற சொல் வந்தது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற 13ஆம் சங்கீதம் வேதத்தில் இருக்கும்போது, அதைவிட நயமாக நாம் பேசவேண்டிய கட்டாயமில்லை. வார்த்தையே வராவிட்டால், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் நிருபம் சொல்கிறது.

வட்ஸ்அப் குழுவில் வரும் ஜெபக்குறிப்புக்குக் கூப்பிய கையை அனுப்பிவிட்டு மறந்துபோவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அனுப்புமுன் அரை நிமிடம் ஜெபித்துவிட்டால் அந்தப் பிழை தீரும். ஆனால் அந்தக் குறிப்பில் பிறர் வீட்டு இரகசியம் இருந்தால் மற்றவருக்கு அனுப்பாதீர்கள். உடுக்கத் துணியில்லாதவரைப் பார்த்துக் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதை யாக்கோபு கண்டித்தது, மார்கழிக் குளிரில் நம் வீட்டிலிருக்கும் இரண்டாவது கம்பளிக்கும் பொருந்தும்.

ஆண்களுக்கு மட்டும் இன்னொன்று. மனைவியைக் கனப்படுத்தாவிட்டால் உங்கள் ஜெபங்களுக்குத் தடைவரும் என்று பேதுரு முதலாம் நிருபம் எச்சரிக்கிறது. கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு மலையிலிருந்து இறங்கிய பெண் அடுப்பை ஊதிக்கொண்டிருக்க, கணவர் வேதப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து, "ஜெபத்துக்கு நேரமாகிறது" என்று குரல் கொடுக்கும் காட்சியை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ரொட்டிக்கு மாவு பிசையப் போகலாம். குடும்ப ஜெபம் அரை மணி நேரம் பிந்தித் தொடங்கட்டும்; அப்போது மனைவியும் உட்கார்ந்திருப்பார்.