மலைத் தோட்டத்தில் வெயிலும் மழையும் காற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ மொட்டை மாடியில் செடி வளர்ப்பவர் சொன்னதை அப்படியே இங்கே செய்து பார்ப்பதால் வருபவை. மீதிப் பாதி, ஊட்டிக்காரர் சொன்னதைக் கோத்தகிரியில் செய்வதால்.

மாவட்டம் சின்னதுதான், ஆனால் மழை ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர் மழைதான் பயம். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் ஏற்பட்ட மண்சரிவுகளை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஆக, ‘மே மாசமே வாய்க்காலைத் தூர்வாரிட்டேன்’ என்று கோத்தகிரிக்காரர் நிம்மதியாக இருக்க முடியாது. செப்டம்பர் கடைசியில் இன்னொரு தடவை மண்வெட்டியை எடுத்தாக வேண்டும்.

முதலில் வெயில். ‘குளிர் ஊர்தானே, வெயில் என்ன செய்யும்’ என்பது பெரிய தப்புக் கணக்கு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றில் குளிர் இருந்தாலும், உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். தவிர, ஊட்டியே இப்போது பழைய ஊட்டியாக இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த பிகோனியாவையோ ஃபியூஷியாவையோ வாங்கி வந்த அன்றே திறந்தவெளியில் வைத்தால், ஓரிரு நாளில் இலை நடுவே வெளுத்த திட்டு விழும். தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கும். இது வெயில் சுட்ட காயம். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பதால் காசுதான் போகும். ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டி, அப்புறம் வெளியே நகர்த்தினால் போதும்.

மதியம் ஹைட்ரேஞ்சியா இலைகள் தொங்கிப் போவதைப் பார்த்ததும் குழாயைத் திறப்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். வேர் உறிஞ்சுவதைவிட இலை விடும் நீர் அந்த நேரத்தில் அதிகம், அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் பல செடிகள் தானாக நிமிரும். மண்ணில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் நேரத்திலும் சமவெளிக்காரர் சொல்லும் யோசனை இங்கே உதவாது. அங்கே சாயங்காலம் ஊற்றச் சொல்வார்கள். மலையில் ராத்திரி குளிரில், மூடுபனியில், நனைந்த இலை விடியும் வரை காயாது. தக்காளிக்கும் உருளைக்கும் கருகல் நோய், ரோஜாவுக்குக் கரும்புள்ளி எல்லாம் இந்த ஈரத்துக்காகத்தான் காத்திருக்கும். காலையில் ஊற்றுங்கள், அதுவும் வேரடியில்.

மழைக்காலத்தில் அதிகம் நடக்கும் கொலை, யூரியா. நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு இலை மஞ்சளானால் ‘சத்து பத்தலை’ என்று ஒரு பிடி போடுகிறார்கள். ஒரு வேரை மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, விரலிடுக்கில் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் கழன்று வரும். உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மிஞ்சும். முகர்ந்தால் புளித்த நாற்றம். தண்ணீர் தேங்கி மண்ணில் காற்றில்லாமல் போனதால் வந்த மஞ்சள் அது. அந்த நிலையில் செடியால் உரத்தை எடுக்க முடியாது. போட்ட யூரியாவும் அடுத்த மழையில் பள்ளத்துக்குப் போய்விடும். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுங்கள், செங்கல் துண்டு வைத்துத் தூக்குங்கள், துளை அடைத்திருந்தால் குத்தி விடுங்கள். பெயின்ட் வாளியில் செடி வைப்பவர்கள் துளை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பது நல்லது.

கருகலுக்கு போர்டோ கலவை நல்ல மருந்துதான், ஆனால் பாதி இலை கருகிய பிறகு அடிப்பதில் பயன் குறைவு. அது வராமல் தடுக்கும் மருந்து. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. ஒரு கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே, மழை விட்டு இலை காய்ந்திருக்கும்போது அடித்து முடித்துவிடுங்கள்.

கோடையில் ஈரம் காக்க மண்மேல் பரப்பும் சருகு மூடாக்கு, அடைமழையில் நத்தைகளுக்கு வீடாகிவிடும். தண்டை ஒட்டிக் கிடப்பதை மட்டும் ஒரு சாண் விலக்கினால் போதும். மொத்தமாக வாரிவிடாதீர்கள், சரிவில் வெறும் மண் நிற்காது. இதே காரணத்தால்தான் ஏப்ரல், மே இடிமழைக்கு முன்னால் களையைச் சுத்தமாகச் சுரண்டுவதும் தப்பு. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட வேண்டும். தடுப்புச்சுவரில் விட்டிருக்கும் ஓட்டைகளை ‘மண் வருகிறது’ என்று சிமென்ட் பூசி அடைப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். உள்ளே தேங்கும் தண்ணீரின் பாரம் சுவரையே தள்ளிவிடும்.

காற்று விஷயத்தில் சில சங்கதிகள். பாலித்தீன் கூரையைப் பலமாகக் கட்டினால் தாங்கும் என்று நம்புகிறார்கள். ஜூலைக் காற்றில் அது சட்டத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். சௌசௌ பந்தலும் அப்படித்தான்: நனைந்த கொடியின் பாரத்தில் சாயும், முன்பே கொஞ்சம் கொடியைக் கழித்து, முட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டை ஒட்டிய சில்வர் ஓக், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆபத்தாகத் தெரிந்தால் மழைக்கு முன்பே அனுமதிக்கு எழுதிக் கொடுங்கள். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், புயலன்று மனு எழுத முடியாது.

ஆலங்கட்டி அடித்துக் கிழிந்த முட்டைக்கோஸையும் பீன்ஸையும் அன்றே பிடுங்கி எறிய வேண்டாம். தொங்கும் இலையை நறுக்கிவிட்டு, பத்து நாள் விட்டுப் பாருங்கள். நடுக்குருத்து பச்சையாக இருந்தால் பிழைக்கும். துளிர் வந்த பிறகு உரம் கொடுக்கலாம். சாய்ந்த தக்காளியை ஒரே இழுப்பில் நிமிர்த்தினால் மிச்சமுள்ள வேரும் அறும். கிடக்கிற கோணத்திலேயே மண் அணைத்து, குச்சி நட்டு, கயிற்றைத் தளர்வாகக் கட்டுங்கள்.