ட்ரினிட்டி ஸ்டிச்: மூன்று கண்ணிக்குள் ஊசி நுழையவே மாட்டேன் என்றபோது

அயர்லாந்தின் அரன் ஸ்வெட்டர்களில் குட்டிக் குட்டிப் பழம் ஒட்டியது போலப் புடைத்து நிற்குமே, ஊசிப் பின்னலில் போடும் அந்த டிசைன்தான் இது. கண்ணிகள் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்) 4-ன் மடங்காக இருக்க வேண்டும், ஓரத்துக்கு 2 தனி. வெளியே தெரியும் முன்பக்க வரிசை எல்லாம் வெறும் பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் பின்னல்). மறுபக்கத்தில்தான் வேலை: ஒரே கண்ணிக்குள் நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடுவது), பர்ல், நிட் போட்டு மூன்றாக்கி, அடுத்த மூன்றையும் சேர்த்து ஒரே பர்லாக்க வேண்டும்; அடுத்த மறுபக்க வரிசையில் இந்த இரண்டும் இடம் மாறும்.

அந்த மூன்றைச் சேர்க்கும் இடத்தில்தான் எனக்கு விரல் நோவு, நூல் பிரிந்து பிரிந்து வேறு வந்தது. கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலது கை ஊசி என்பதால், வெறும் பர்ல் வரிசைகளுக்கு மட்டும் வலது கையில் 4 மி.மீ.க்குப் பதில் 5 மி.மீ. ஊசி எடுத்தேன், கண்ணிகள் தளர்ந்து உடனே வழி கிடைத்தது. மறுபக்கத்துக்குப் பழைய 4 மி.மீ.தான், ஆனால் முனை கூரான உலோக ஊசி; மூங்கில் ஊசி இதற்குச் சரிப்படவில்லை. அப்புறம் ஒன்று, அக்ரிலிக் நூலென்றால் தயவுசெய்து இஸ்திரி போடாதீர்கள், புடைப்பெல்லாம் தட்டையாகிவிடும்.