டிராகன்ஸ்பெர்க் குளிருக்கு முதலில் கட்ட வேண்டியது
ஜூலை விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டிராகன்ஸ்பெர்க் மலைக்கு முதன்முறையாகக் கூடாரம் போடப் போகிறீர்களா? கடற்கரையின் இதமான குளிர்காலத்தை நம்பி மூட்டை கட்டாதீர்கள். அங்கே இரவில் உறைபனி விழும். எத்தனை கம்பளி போர்த்தினாலும், உடல் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். நம் எடையில் நசுங்கிவிடும் தூக்கப்பையின் அடிப்பக்கம் குளிரைத் தடுக்காது. ஆகவே தடித்த நுரைப்பாயைத்தான் முதலில் எடுத்து வையுங்கள். வெறும் காற்று மெத்தை போதாது. உறங்குவதற்கென்றே உலர்ந்த உடை, காலுறை, கம்பளித் தொப்பி தனியாக இருக்கட்டும்; வியர்த்த உடையோடு படுத்தால் நடுக்கம் விடாது. தலையில் மாட்டும் விளக்கும் மாற்று பேட்டரியும் அவசியம். சமையல் சாமான்களைக் குறைக்கலாம்: முதல் இரவுக்குப் புளிச்சோறே போதும். மிச்சத்தைக் காரில் வைத்துப் பூட்டுங்கள். கூடாரத்தில் வைத்தால் பபூன் குரங்குகள் கிழித்துக்கொண்டு நுழையும்.